வாசகர் கேள்வி – பதில்: நர்சிங் மாணவியரும் பாவனை நோயாளிகளும்

நர்சிங் கல்லூரிகளில் மேனிகின் எனப்படும் பொம்மைகளையும், நோயாளியாக நடிப்பவர்களையும் கொண்டு பாடம் நடத்தும் சிமுலேஷன் முறையைப் பற்றி டெல்டா மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதப்படுகிறது.

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம், "இன்றைக்குப் பொம்மைக்கு டிரிப் போட்டோம், பொம்மைக்கு மூச்சு நின்றுவிட்டது" என்றே சொல்கிறாள். நிலத்தை ஒத்திக்கு வைத்துத்தான் கட்டணம் கட்டுகிறோம். பொம்மையிடம் படித்தவள் நாளைக்கு உயிருள்ள நோயாளியை எப்படிப் பார்ப்பாள்?
– ஒரு தாய், மன்னார்குடி

பதில்: அம்மா, உங்கள் மகள் பொம்மையிடம் மட்டும் படிக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ஆம் ஆண்டு திருத்திய பாடத்திட்டத்தின்படி பி.எஸ்சி. நர்சிங் படிப்பு எட்டு செமஸ்டர்களாக நடக்கிறது. அதில் வகுப்பறைப் பாடம், ஸ்கில் லேப் பயிற்சி, வார்டுப் பணி ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஸ்கில் லேபில் கை பழகிய பிறகு வார்டுக்குப் போக வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம்.

இது புதிதாக வந்த மோகமும் அன்று. அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டு நகர மருத்துவமனையோடு இணைந்த செவிலியர் பள்ளி, மார்த்தா சேஸ் என்ற பொம்மை செய்யும் பெண்மணியிடம் சொல்லி, ஆளுயரப் பொம்மை ஒன்றை 1911-ஆம் ஆண்டிலேயே செய்து வாங்கியது. நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதையும், உடை மாற்றுவதையும், படுக்கை விரிப்பதையும் மாணவியர் அந்தப் பொம்மையிடம்தான் பழகினார்கள். 'மிஸஸ் சேஸ்' என்றே அதை அழைத்தார்கள். நோயால் துவண்டு கிடப்பவரின் உடம்பு, கற்றுக்கொள்பவரின் முதல் தடுமாற்றத்தைத் தாங்க வேண்டிய இடம் அன்று என்ற எண்ணம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது.

உங்கள் மகள் சொன்ன "மூச்சு நின்றுவிட்டது" என்ற பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வார்டில் ஒரு நோயாளிக்கு இதயம் நின்றுபோனால், டியூட்டி டாக்டரும் அனுபவமுள்ள ஸ்டாஃப் நர்ஸுகளும் கட்டிலைச் சூழ்ந்துகொள்வார்கள். மாணவியை ஓரமாக நிற்கச் சொல்வார்கள். அது சரியான செயலே. ஆனால், இப்படி ஓரமாக நின்று பார்த்தே நான்கு ஆண்டுகள் முடிந்துபோனால், அந்த மாணவி முதன்முதலாக மார்பை அழுத்துவது, தனியாக இரவு டியூட்டி பார்க்கும் நாளில்தான் நடக்கும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஒவ்வொரு முறையும் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும் என்பதை எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். அந்த ஆழத்துக்கு எவ்வளவு பலம் வேண்டும், இரண்டு நிமிடத்தில் தோள் எப்படித் தளர்ந்துவிடும் என்பதைக் கைதான் அறிய வேண்டும். அதை நூறு முறை செய்து பார்க்கப் பொம்மை இடம் தருகிறது.

இதற்குச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் மாநில நர்சிங் வாரியங்களுக்கான தேசியக் கவுன்சில் 2014-இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. பத்துக் கல்வி நிலையங்களின் மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வழக்கமான மருத்துவமனைப் பயிற்சியும், மற்ற இரண்டு குழுக்களுக்கு அந்தப் பயிற்சி நேரத்தில் 25 விழுக்காட்டுக்கும் 50 விழுக்காட்டுக்கும் பதிலாகச் சிமுலேஷனும் கொடுத்துப் பார்த்தார்கள். படிப்பு முடியும்போது மூன்று குழுக்களுக்கும் இடையே அறிவிலோ, செயல்திறனிலோ, உரிமத் தேர்ச்சியிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால், பயிற்சி பெற்ற ஆசிரியர்களும், சிமுலேஷன் முடிந்தபின் முறையான கலந்துரையாடலும் இருந்த இடங்களில் கிடைத்த முடிவு அது. பொம்மையை வாங்கி வைத்துவிட்டாலே அந்தப் பலன் வந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆகவே, மகளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "பொம்மைக்கு மூச்சு நின்ற பிறகு, டீச்சர் உங்களை உட்கார வைத்து என்ன பேசினார்?" விரிவாகப் பதில் சொன்னாளானால் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். பொம்மையைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்து, ஆய்வுக்கு ஆட்கள் வரும் நாளில் மட்டும் உறையைப் பிரிக்கும் கல்லூரிகளும் இருக்கின்றன என்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி. அத்தகைய இடமாக இருந்தால், பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்கும் உரிமை உங்களுக்கு முழுமையாக உண்டு.

கேள்வி: நான் ஒரு நர்சிங் கல்லூரியில் டியூட்டராகச் சேர்ந்திருக்கிறேன். எங்களிடம் மார்பை அழுத்தி மூச்சுக் கொடுத்துப் பழகும் மார்பளவு சி.பி.ஆர். பொம்மை ஒன்றும், ஊசி போடும் ரப்பர் கை இரண்டும்தான் உள்ளன. கண் சிமிட்டி, நாடி துடித்து, பேசும் பொம்மைகள் பல லட்சம் ரூபாய் என்கிறார்கள். அவை இல்லாமல் சிமுலேஷன் நடத்த முடியுமா?
– ஓர் இளம் ஆசிரியை, திருவாரூர்

பதில்: தாராளமாக முடியும். உங்கள் கையில் இருப்பதை வைத்தே, விலை உயர்ந்த பொம்மையால் நடத்த முடியாத ஒரு பாடத்தை நடத்தலாம் என்பதற்கு, நம் மண்ணின் நோயாளியையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன்.

காலை ஐந்தரை மணி. ஆரம்ப சுகாதார நிலையம். நாற்பது வயதுப் பெண் ஒருவரை இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்து வருகிறார்கள். வயிற்று வலி, ஒருமுறை வாந்தி. "ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கல போலருக்கு சிஸ்டர், சோடா வாங்கிக் குடுத்தோம்" என்கிறார் கூட வந்தவர். நோயாளியாக நடிப்பவர் உங்கள் கல்லூரி விடுதியின் சமையல்கார அம்மாவாகவோ, அலுவலக உதவியாளராகவோ இருக்கலாம். மாணவி பி.பி. பார்க்கிறாள், சரியாக இருக்கிறது. நாடியும் சரியாக இருக்கிறது. வயிற்றுப் புண் என்று எண்ணிக்கொண்டு டாக்டருக்காகக் காத்திருக்கத் தொடங்கினால், அவள் சிக்கிக்கொண்டாள் என்று பொருள்.

நடிப்பவருக்கு நீங்கள் சொல்லி வைத்திருக்கும் விதி இதுதான்: கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும். "ராத்திரி எங்கம்மா படுத்தீங்க?" என்று மாணவி கேட்டால், "கொல்லப்பக்கத் திண்ணையிலதாம்மா, பாய் விரிச்சுப் படுத்தேன், கண்ணு என்னமோ சொக்கிக்கிட்டே வருது" என்பார். கேட்காவிட்டால் முனகுவதோடு சரி. கட்டுவிரியன் பாம்பு பெரும்பாலும் தரையில் உறங்குபவர்களை இரவில் கடிக்கிறது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது. பல் பதிந்த தடம்கூடத் தெரியாமல் போகலாம். பலர் விடியற்காலை வயிற்று வலியோடுதான் வருவார்கள். "மேல பாருங்கம்மா" என்று சொல்லி, இமை தொங்குகிறதா என்று மாணவி பார்க்க வேண்டும். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லி, எந்த எண் வரை போகிறார் என்று குறித்துக்கொண்டு, சிறிது நேரம் கழித்து மறுபடியும் எண்ணச் சொல்ல வேண்டும். முதல் முறை 25 வரை போனவர், அடுத்த முறை 14-இல் நின்றுவிட வேண்டும் என்று நடிப்பவருக்குச் சொல்லி வையுங்கள்.

சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்க்கும் சோதனையையும் சில மாணவியர் நினைவாகச் செய்வார்கள். இரத்தம் உறைந்துவிட்டது என்ற முடிவை நீங்கள் எழுதிக் கொடுங்கள். "உறைந்துவிட்டது, எனவே பாம்புக்கடி இல்லை" என்று யாராவது சொன்னால், அந்த வகுப்பின் மிகச் சிறந்த பாடம் அங்கே கிடைத்துவிட்டது. கண்ணாடிவிரியனின் நஞ்சுதான் இரத்தம் உறைவதைக் கெடுக்கும். கட்டுவிரியனின் நஞ்சு நரம்பு தசையை இயக்குவதைத் தடுத்து, கடைசியில் மூச்சை நிறுத்திவிடும். புத்தகத்தில் இரண்டு பத்திகளாக இருக்கும் இந்த வேறுபாட்டை, ஒரு முறை இப்படிச் சிக்கிக்கொண்டு மீண்ட மாணவி மறக்கவே மாட்டாள்.

இமை தொங்குவதையும் பேச்சு குழறுவதையும் ரப்பர் பொம்மையைவிட மனிதர்தான் நன்றாகக் காட்ட முடியும். ஆனால், மூச்சு நின்ற பிறகு மனிதரை வைத்துப் பாடம் நடத்த முடியாது. அந்தக் கட்டம் வந்ததும் நடிப்பவரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, அதே கட்டிலில், அதே சேலையைப் போர்த்தி, உங்கள் சி.பி.ஆர். பொம்மையைக் கிடத்துங்கள். ஆறு விநாடிக்கு ஒரு முறை, மார்பு எழும் அளவுக்கு, கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் ஆம்பு பையை அழுத்தி மூச்சுக் கொடுப்பதையும், ஒருவர் அதைச் செய்துகொண்டிருக்கும்போதே மற்றொருவர் டாக்டரைத் தொலைபேசியில் அழைத்து நிலைமையைச் சொல்வதையும் அங்கே பழக்கலாம். மூச்சை விடாமல் தாங்கிப் பிடித்தால் கட்டுவிரியன் கடித்தவர் முழுமையாகப் பிழைத்து எழ முடியும் என்பதால், இந்தப் பையை அழுத்தும் கைக்கு நம் பகுதியில் இருக்கும் மதிப்பை நான் சொல்லத் தேவையில்லை.

விஷமுறிவு மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது உடம்பெங்கும் அரிப்பும் தடிப்பும் கிளம்பி பி.பி. இறங்குவதாகப் பாடத்தை இன்னும் ஒரு படி நீட்டலாம். உடனே மருந்தை நிறுத்தி, டாக்டர் சொல்படி அட்ரினலின் 0.5 மில்லிகிராமைத் தொடைத் தசையில் போட வேண்டும். அந்த ஆம்ப்யூல் எந்த டிரேயில் இருக்கிறது என்று மாணவி தேடுவதைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். தொடங்கும் முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும் என்பதை அவளே கண்டுகொள்வாள்.

பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்குக்கு இதைவிட எளிய வழி உண்டு. சிவப்புச் சாயம் கலந்த நீரை அளந்து, 250, 500, 1000 மில்லிலிட்டர் என்று வெவ்வேறு விரிப்புகளிலும் பஞ்சுப் பட்டைகளிலும் ஊற்றி வையுங்கள். ஒவ்வொரு மாணவியும் பார்த்து மதிப்பிட்டு எழுதட்டும். பிறகு உண்மையான அளவைச் சொல்லுங்கள். வெறும் கண்ணால் பார்ப்பவர்கள் இரத்தப்போக்கைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பது உலகெங்கும் கண்டறியப்பட்ட உண்மை. 500 மில்லிலிட்டர் என்பது துணியில் எவ்வளவு பரவும் என்று கண் பழகிவிட்டால், அந்த மாணவி பிரசவ வார்டில் தாமதமின்றிக் குரல் கொடுப்பாள். பூச்சிமருந்து குடித்து வருபவரின் வியர்வை, வழியும் எச்சில், ஊசிமுனையாகச் சுருங்கிய கண்மணி ஆகியவற்றையும் இப்படியே சாதாரணப் பொருள்களையும் படங்களையும் கொண்டு உருவாக்கலாம். கையுறை இல்லாமல் அவர் உடையைத் தொடும் மாணவியை மட்டும் கவனித்து வையுங்கள்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். நோயாளி பேசும் பகுதி முழுவதும் நம் ஊர்த் தமிழில் இருக்க வேண்டும். மாணவியர் பாடத்தை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். கேஸ் ஷீட்டையும் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். நோயாளியோ "அடிவயிறு கவ்விப் புடிக்கிது", "நெஞ்சு படபடங்குது", "ஒரு மாதிரியா மயக்கமா வருது" என்கிறார். இந்தப் பேச்சிலிருந்து அறிகுறியைப் பிரித்தெடுத்து டாக்டரிடம் சுருக்கமாகச் சொல்லும் திறமைக்குப் பயிற்சி தரும் இடம் வேறு எங்கும் இல்லை. விலை உயர்ந்த பொம்மை வாங்கும் நாள் வந்தாலும், அதில் பதிவாகி வரும் ஆங்கில முனகலை அணைத்துவிட்டு, ஒலிவாங்கியில் நீங்களே பேசுங்கள்.

பதினைந்து நிமிடப் பாவனைக்குப் பின் குறைந்தது அரை மணி நேரம் கலந்துரையாடலுக்கு வையுங்கள். நேரம் போதாவிட்டால் பாவனையைச் சுருக்கலாம். பேச்சைச் சுருக்க வேண்டாம். என்னைக் கேட்டால், பொம்மைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை, கலந்துரையாடலை நடத்தும் பயிற்சிக்கு ஆசிரியர்களை அனுப்பச் செலவிடுவதே நல்லது என்பேன்.

கேள்வி: நான் மூன்றாம் ஆண்டு மாணவி. சிமுலேஷனில் என் 'நோயாளி' இறந்துவிட்டதாக அறிவித்தார்கள். எல்லோரும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதிவான வீடியோவையும் வகுப்பில் போட்டுக் காட்டினார்கள். டீச்சர், "நிஜமாக இருந்தால் ஓர் உயிர் போயிருக்கும்" என்றார். அன்றிரவு முழுவதும் அழுதேன். இனி ஸ்கில் லேப் பக்கமே போகப் பயமாக இருக்கிறது.
– ஒரு மாணவி, தஞ்சாவூர்

பதில்: அன்பு மகளே, உனக்கு நடந்தது சிமுலேஷன் அன்று, அதன் பாதி மட்டுமே. தொடங்கும் முன் அறையையும் கருவிகளையும் காட்டி, இங்கே நடப்பது வெளியே போகாது, இது மதிப்பெண்ணுக்கான தேர்வா பயிற்சியா, யார் பார்ப்பார்கள், வீடியோ எடுக்கப்படுமா என்பதையெல்லாம் சொல்லி உன் ஒப்புதலைப் பெற்றிருக்க வேண்டும். முடிந்தவுடன், முதலில் உன் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். அந்த இரண்டும் நடக்காமல் நடுப்பகுதி மட்டும் நடந்தால், அது மாணவியைக் கூட்டத்தின் நடுவே நிற்க வைப்பதாகத்தான் முடியும்.

உன் ஆசிரியை உன்மேல் வெறுப்பினால் அப்படிச் சொன்னார் என்று நினைக்காதே. வார்டில் உயிர்கள் போவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பதற்றம் இருக்கும். ஆனால், அவர் கேட்டிருக்க வேண்டிய முறை வேறு. "ஆக்சிஜன் அளவு 84-க்கு இறங்கியபோது நீ கருவியின் வயரைச் சரிசெய்வதைப் பார்த்தேன். நோயாளியின் மூச்சைப் பார்ப்பதற்கு நேரமாகிறதே என்று எனக்குக் கவலையாக இருந்தது. அந்த நேரத்தில் உன் மனதில் என்ன ஓடியது?" என்பதுபோல, தாம் கண்டதையும் தம் கவலையையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, உன் எண்ணத்தைக் கேட்பதே இந்தப் பயிற்சியின் முறை. ஒருவேளை, "போன வாரம் வார்டில் வயர் கழன்றுதான் அளவு தப்பாகக் காட்டியது" என்று நீ பதில் சொல்லியிருக்கலாம். அப்படியானால் உன் சிந்தனையில் ஒரு நியாயம் இருந்தது. எண்ணை நம்பலாமா என்பதை முடிவு செய்யும் முன் நோயாளியின் முகத்தையும் மார்பையும் பார்க்க வேண்டும் என்ற ஒரு படி மட்டுமே விட்டுப்போனது. திட்டு வாங்கிய மாணவிக்கு இது தெரியாமலே போய்விடுகிறது.

பயிற்சியின் நோக்கமே மரணத்தை எதிர்கொள்வதும் குடும்பத்தாரிடம் பேசுவதுமாக இருந்து, அதை முன்பே அறிவித்திருந்தாலன்றி, தொடக்க நிலை மாணவியரின் பாவனை நோயாளி இறந்துபோகக் கூடாது என்பதே என் கருத்து. இதில் மாற்றுக் கருத்துள்ள ஆசிரியர்களும் உண்டு.

உன் வகுப்பு ஆலோசகரிடமோ நீ நம்பும் வேறொரு டீச்சரிடமோ போய், அதே பாவனையை மறுபடியும் ஒருமுறை, பார்வையாளர் இல்லாமல் செய்ய அனுமதி கேள். வீடியோவை என்ன செய்தார்கள் என்று கேட்கவும் தயங்க வேண்டாம். அதை அழிக்கச் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. உறக்கமின்மை நீடித்தால் வீட்டில் சொல்லிவிடு. விடுதியில் தனியாகச் சுமக்காதே.

கேள்வி: சிமுலேஷன் இவ்வளவு நல்லது என்றால், வார்டுப் பணியை அறவே நிறுத்திவிட்டு அதிலேயே கற்பித்துவிடலாமே?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கூடாது. மேலே சொன்ன அமெரிக்க ஆய்வே பாதி நேரத்துக்கு மேல் போகவில்லை. நாற்பது நோயாளிகள் உள்ள வார்டில் யாரை முதலில் பார்ப்பது, பக்கத்துக் கட்டில்காரரின் மகன் சத்தம் போடும்போது கணக்குப் பிசகாமல் மருந்தை எப்படி அளப்பது, ஆறிவரும் புண்ணின் வாடைக்கும் சீழ் வைத்த புண்ணின் வாடைக்கும் உள்ள வேறுபாடு என்ன என்பவை வார்டில் மட்டுமே கிடைக்கும் படிப்பு. மூன்று வாரம் ஒரே முதியவரைத் துடைத்துவிட்டு, அவர் தம் பேத்தியின் பெயரால் உங்களை அழைக்கத் தொடங்கும் உறவை எந்த லேபும் தராது.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், ஊர்த் திருவிழா நாடகங்களில் முப்பது ஆண்டுகளாக வேடம் கட்டியவன். அருகில் உள்ள நர்சிங் கல்லூரியில் நோயாளியாக நடிக்க வர முடியுமா என்று கேட்கிறார்கள். போகலாமா? என்ன தெரிந்திருக்க வேண்டும்?
– ஒரு வாசகர், சீர்காழி

பதில்: மகிழ்ச்சியோடு போங்கள், ஐயா. ஹோவர்டு பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் 1963-இல் அமெரிக்காவில், மாணவர்களைச் சோதிக்க நோயாளிபோல நடிக்கும் ஒருவரைப் பழக்கிப் பயன்படுத்தினார். இன்று உலகின் பல மருத்துவ, நர்சிங் கல்லூரிகளில் இது வழக்கமாகிவிட்டது. நம் ஊர்களில் தெருக்கூத்தும் நாடகமும் அறிந்த பெரியவர்கள் இத்தனை பேர் இருக்க, கல்லூரிகள் அவர்களைத் தேடி வர இவ்வளவு காலம் ஆனது எனக்குக் குறையாகவே படுகிறது.

மேடைப் பழக்கம் உங்களுக்கு உதவும். ஓரிடத்தில் இடையூறும் செய்யும். நாடகத்தில் கூட்டத்தின் முகம் பார்த்து, ஒரு நாள் ஏற்றியும் ஒரு நாள் இறக்கியும் நடிப்பீர்கள். இங்கே காலையில் முதல் மாணவிக்குக் காட்டிய அதே வலியை, அதே அளவில், மாலையில் கடைசி மாணவிக்கும் காட்ட வேண்டும். ஒருவருக்கு இரங்கித் துப்புக் கொடுத்துவிட்டால், அடுத்தவருக்கு அநீதி. கையில் கொடுக்கும் குறிப்பில் நோயாளியின் வயது, தொழில், குடும்பம், எதைத் தானாகச் சொல்ல வேண்டும், எதைக் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும் என்பவையெல்லாம் இருக்கும். அதற்கு வெளியே ஏதாவது கேட்டால் என்ன சொல்வது என்பதையும் முன்பே டீச்சரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்த பிறகு உங்களிடம் கருத்துக் கேட்பார்கள். மருத்துவம் பேச வேண்டாம். நோயாளியாக உங்களுக்கு எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்லுங்கள். "என் பெயரைக் கேட்காமலே சட்டையைத் தூக்கினாய், கூச்சமாக இருந்தது" என்றோ, "ஊசி என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாய், பயம் குறைந்தது" என்றோ நீங்கள் சொல்வதை டீச்சர் சொல்ல முடியாது.

உங்கள் உடல்நிலையைக் கல்லூரிக்கு ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு உண்மையிலேயே சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருந்தால், பாவனையின்போது உண்மையான மயக்கம் வந்தால் தெரிவிக்க ஒரு சொல்லை முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் உடம்பில் உண்மையான ஊசியோ மருந்தோ ஏறக் கூடாது. அந்தக் கட்டத்தில் ரப்பர் கையை உங்கள் கையருகே வைத்துப் போர்த்திவிடுவார்கள். தொடர்ந்து நடிக்க நேர்ந்தால், இடையிடையே ஓய்வும் உணவும் தரும்படி கேளுங்கள். ஊதியம் பற்றியும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இது உழைப்பு, கேட்பதில் கூச்சம் வேண்டாம்.